‘அண்ட்’ வந்தாலே கமா போடும் குழந்தை

‘மீனா ரேன், அண்ட் ஃபெல்’ என்று உங்கள் மகள் ஆங்கிலத்தில் எழுதியதில் டீச்சர் கமாவை அடித்து நீக்கியது சரிதான். ‘மீனா ரேன், அண்ட் ஷி ஃபெல்’ என்றிருந்தால் கமா வேண்டும். வித்தியாசம் அந்த ஒரு ‘ஷி’தான்.

‘அண்ட், பட் வந்தால் முன்னாடி கமா’ என்று பாதி விதியை மட்டும் மனப்பாடம் செய்திருப்பாள். இரண்டு பக்கமும் தனித்தனி வாக்கியமாக நிற்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள்:

1. ‘அண்ட்’ வரை விரலால் மூடட்டும்.
2. மிச்சத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். வெறும் ‘ஃபெல்’ என்றால் யார் விழுந்தது? தெரியவில்லை, கமா வேண்டாம். ‘ஷி ஃபெல்’ என்றால் ஆள் இருக்கிறாள், போடலாம்.

தமிழில் ‘விழுந்தாள்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனம். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ ஆகிய ஏழுக்குத்தான் இந்த விதி. ‘பிகாஸ்’ நடுவில் வந்தால் பொதுவாகக் கமா கிடையாது. மூன்று பொருள் பட்டியலில் வரும் கமா வேறு கதை, அதை இப்போது இழுக்காதீர்கள்.