கேள்வி – பதில்: ஹாக்கி மட்டையைக் கீழே வைக்கலாமா?

கேள்வி: கிளாஸ்கோ 2026 காமன்வெல்த் போட்டியில் ஹாக்கி, பூப்பந்து, ஸ்குவாஷ் மூன்றுமே கிடையாதாம். நாம் ஜெயிக்கிறதாகப் பார்த்து வெட்டினார்களா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் இது வெறும் காசுக் கணக்கு. போட்டியை நடத்தவிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு தாங்காது என்று 2023 ஜூலையில் விலகிக்கொண்டது. மலேசியாவையும் கேட்டார்கள். 10 கோடி பவுண்டு தருகிறோம் என்று அவர்கள் சொல்லியும் நம் அரசாங்கம் 2024 மார்ச்சில் மறுத்துவிட்டது. பிறகுதான் கிளாஸ்கோ, 10 விளையாட்டு, 4 அரங்கம் என்று சுருக்கி ஏற்றது. 2022இல் பர்மிங்காமில் 19 விளையாட்டு இருந்தன.

சுருக்கும்போது ஹாக்கிதான் முதலில் கண்ணில் படும். ஆண், பெண் இரு பிரிவிலும் தலா 10 அணி, அணிக்கு 18 பேர். ஆட்டக்காரர்கள் மட்டும் 360 பேர். அத்தனை பேருக்கும் அறை, சாப்பாடு, பஸ். கிடைப்பதோ 2 தங்கம். பர்மிங்காமில் பளுதூக்குதலுக்கு மட்டும் 16 தங்கம். அதற்கு ஒரு மேடையும் ஒரு மண்டபமும் போதும். ஹாக்கிக்கு 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலத்தில் தனி டர்ஃப் (செயற்கைப் புல் திடல்) வேண்டும்.

கேள்வி: மகன் படிவம் 2, பள்ளி ஹாக்கி அணியில் இருக்கிறான். இனி எதிர்காலம் இல்லையென்று பளுதூக்குதலுக்கு மாற்றலாமா? (ஒரு தந்தை, அதே ஊர்)

பதில்: பட்டியலைப் பார்த்து மாற்றாதீர்கள். ஓர் ஆட்டக்காரர் உருவாக எட்டு, பத்து வருடம் ஆகும். பட்டியலோ நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறும். ஸ்குவாஷையே பாருங்கள்: 1998 கோலாலம்பூரில் காமன்வெல்த்துக்குள் வந்தது, 2026இல் வெளியே, 2028இல் ஒலிம்பிக்கில்! 2030 போட்டியை நடத்தும் அகமதாபாத்தில் 15 முதல் 17 விளையாட்டு இருக்கும். இந்தியா ஹாக்கியை விடாது என்பது என் கணிப்பு.

இழப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நம் ஆண்கள் அணி கடைசியாக ஒலிம்பிக் ஆடியது 2000இல். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற அணிகளோடு பெரிய மேடையில் மோதக் கிடைத்த இடங்களில் காமன்வெல்த்தும் ஒன்று. 1998இல் நமக்கு அங்கே வெள்ளி. இனி ஆசிய விளையாட்டுப் போட்டிதான் பெரிய வாசல். அங்கே தங்கம் வாங்கினால் ஒலிம்பிக் இடம் நேராகக் கிடைக்கும்.

பையனுக்கு இப்போது முக்கியம் டர்ஃப் பழக்கம். தோட்டத்துப் பள்ளித் திடலில் புல் பந்தை இழுத்துப் பிடிக்கும், மேடுபள்ளத்தில் துள்ளும். அதனால் பிள்ளைகள் மட்டையை நிமிர்த்தியே பந்தை நிறுத்தப் பழகுகிறார்கள். டர்ஃபில் பந்து வேகமாக, தரையோடு வரும். அப்படி நிறுத்தினால் மட்டைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நழுவிவிடும். முட்டியை நன்றாக மடக்கி, மட்டையைத் தரையோடு படுக்கப்போட்டு நிறுத்த வேண்டும். டர்ஃப் தூரமென்றால், வாரம் இரண்டு நாள் புட்சால் திடலிலோ கூடைப்பந்துத் திடலிலோ பழகட்டும். சிமெண்டு மட்டையின் அடியைத் தின்றுவிடும்; பழைய மட்டைக்கு டேப் சுற்றிக் கொடுங்கள், போட்டி மட்டையைத் தொடவிடாதீர்கள்.

இன்னொன்று, சான்றிதழ். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்தப் பள்ளிப் போட்டியில் ஆடினாலும் அசலை வாங்கி வையுங்கள். பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஆசிரியர் கணினியில் பதிய மறந்தால் அந்தப் புள்ளி போய்விடும். ஆண்டு முடிவதற்குள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பூப்பந்துக்கும் பாதிப்புதானே? (வாசகி, பகாவ்)

பதில்: குறைவு. 2022இல் கலப்புக் குழுப் பிரிவிலும், பெர்லி டான் – தீனா முரளிதரன் ஜோடியின் பெண்கள் இரட்டையரிலும் தங்கம் வாங்கினோம். பதக்கக் கணக்கில் அது உதைக்கும். ஆனால் தீனாவுக்கு ஒலிம்பிக், உலகப் போட்டி, மாதந்தோறும் வெளிநாட்டுத் தொடர் எல்லாம் இருக்கின்றன. அடிபடுவது அவருக்கு அடுத்த வரிசையில் இருப்பவர்கள்தான். சீனா, இந்தோனேசியா, ஜப்பான் இல்லாத ஒரு பெரிய போட்டி அவர்களுக்குக் கைநழுவுகிறது.