லயம் உடைவதற்கு முன்பு

கேள்வி: ஐயா, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, உடைக்கப்போகிறார்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் (நில அளவு) காணியும் தனி வீடும் கிடைக்கின்றன. ஆனால் நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுத்தில் இல்லை. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளை வைத்து அந்த வரலாற்றை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகள், 1867இல் லூல்கந்துராத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அது எல்லாப் பாடப் புத்தகங்களிலும் இருக்கிறது. உங்கள் லயத்தின் முதல் காம்பராவில் (அறையில்) யார் இருந்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெரிய தாள் ஒன்றில் லயத்தை வரையச் சொல்லுங்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே இஸ்தோப்பு (திண்ணை), தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் பாதை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, கோயில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம் எல்லாம் அதில் வரட்டும். பிறகு ஒவ்வொரு காம்பராவாக, இப்போது யார், அதற்கு முன் யார், அவருக்கும் முன் யார் என்று கேட்டு எழுதட்டும். ஒருவருக்கு மறந்த பெயர் அடுத்த காம்பராக்காரருக்கு நினைவிருக்கும். சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்கள் அல்லவா!

கிழவிகளிடம் ஆண்டு கேட்டால் திகைத்துப்போவார்கள். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனதற்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டமாக இருந்திருந்தால் அது 1975. மறுபடி கம்பனிகளின் கையில் கொடுத்தது 1992. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ பிறப்பையும் கல்யாணத்தையும் பொருத்திவிடலாம்.

வரைபடத்தில் சில காம்பராக்களில் பெயர்கள் சட்டென்று நின்றுபோகும். அங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு உங்கள் லயத்தில் எந்தெந்தக் காம்பராவைக் காலி செய்தது என்று எழுதுங்கள். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்த வீடுகள் ஏராளம். போனவர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். இன்றைக்குத் தொலைபேசியில் அவர்களைக் கேட்டுவிடலாம். அவர்களும் தங்கள் காம்பரா எது என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று, தகரப் பெட்டிகள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், இத்தனை வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்று, தோட்டத்துரை கொடுத்த கடிதம் எதையும் எறியாமல் அந்தப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தக் கடதாசிகள்தான். பிள்ளைகளிடம் சொல்லி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். மூலத்தை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தனி வீட்டுக்குப் போனபின் லயத்திலிருந்த ஒற்றுமை இல்லாமல் போகிறதே. லயமே நல்லது என்று என் அப்பா சொல்கிறார்.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: அப்பாவின் மனது எனக்குப் புரிகிறது. சாவு விழுந்தால் அடுத்த காம்பராவில் தேநீர் கொதிக்கும், பிள்ளை பிறந்தால் லயமே விழித்திருக்கும். ஆனாலும் லயம் நல்லது என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒரே அறையில் மாமனார் மாமியாரும் புதுமணத் தம்பதியும் இருந்த கொடுமையை நம் பெண்களிடம் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதையும் மறக்க முடியாது. நம் மக்களுக்குக் காணியும் கல்வீடும் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒற்றுமையைத் தந்தது சுவர் இல்லை, பொது இடம். மாசி மாதம் காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் (திடலில்) கம்பம் ஊன்றியதும், வீட்டுக்கு வீடு காசும் அரிசியும் சேர்ந்தன. ரதியாக ஆடுபவர், மன்மதனாக ஆடுபவர், தப்படிப்பவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு வந்தது. மன்மதன் தகனம் முடியும்வரை கோபதாபம் மறந்து நின்றார்கள். புதிய வீட்டுத் திட்டங்களில் வீட்டுக்கு அளந்து கொடுக்கிறார்கள். பொட்டலுக்கு அளப்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் தோட்டத்தில் இன்னும் அளவை முடியவில்லை என்றால், கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் சேர்ந்து இப்போதே கேட்கட்டும். வீடு கட்டி முடிந்தபின் ஒரு பேர்ச்சஸ்கூடக் கிடைக்காது.

கேள்வி: புது வீட்டுக்கு வந்தும் எங்கள் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே போகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் தாமதமாகக் கிடைத்து என் தம்பிக்கு வேலை போய்விட்டது.
– வாசகி, தலவாக்கலை

பதில்: மிகவும் வருத்தமாக இருக்கிறது. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை வேலை செய்வதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருந்தது, 2018இல் திருத்தினார்கள். ஆகவே வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கேட்டு எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்டுச் சபைக்கு எழுதுங்கள். பிரதியைக் கிராம சேவகருக்கும் தபாலதிபருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியுடன் கையொப்பம் வாங்கி வையுங்கள்.