பாதியில் நின்ற ஒட்டுத்துணிப் போர்வை

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். மகள் பிறந்த சமயத்தில் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள், அப்பாவின் கைலிகள், தையல்கடையில் கிடைத்த பிட்டுத் துணிகள் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக இணைத்து ஒரு போர்வை தைக்கத் தொடங்கினேன். சில கட்டங்களை அம்மாவே தைத்துக் கொடுத்தார். அவர் மறைந்தபின் அதைத் தொட மனம் வரவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு இப்போது பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். குண்டூசிகள் துருப்பிடித்துவிட்டன. என் விரல்களும் முன்போல் வளைவதில்லை. புதிதாகத் தைக்கும் கட்டங்கள் பழையவற்றோடு பொருந்த மறுக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தைப்பதா, கைவிட்டுவிடுவதா?

வ., திண்டுக்கல்

அன்புள்ள வ. அவர்களுக்கு,

இரண்டும் வேண்டாம். முக்கியமாக, பிரிக்காதீர்கள். கட்டங்களை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம்தான் விடுகிறோம். பல ஆண்டுகள் மடிந்து கிடந்த பருத்தியில் அந்தக் கால் அங்குலம் ஊசித்துளைகளாலும் பிசிறாலும் நலிந்திருக்கும் என்பதால், பிரித்தபின் இன்னொரு தையலை அது தாங்குவது கடினம். அதோடு, உங்கள் அம்மாவின் கையால் விழுந்த தையலைப் பிரித்துவிட்டால் அதை யாராலும் மறுபடி போட முடியாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றுக்குள் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கு வாழ்ந்த மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி, 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி இணைத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அன்போடு போர்த்திக்கொள்ளவே அம்மா அதைத் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். உழைத்து வெளுத்த துணியின் நிறத்தையோ அதில் ஏறிய கறையையோ அவர் மறைக்க முயலவில்லை. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. கோணலான கோடுகளையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பட்டைகளையும் அவற்றின் அழகின் பகுதியாகவே பார்வையாளர்கள் கண்டார்கள். உங்கள் போர்வையில் பழைய தையல் நெருக்கமாகவும் புதிய தையல் நீளமாகவும் இருப்பதை நான் குறையாகவே எண்ணவில்லை.

ஆனால் அளவு பொருந்தாததை அப்படி விட முடியாது. ஒவ்வோர் இணைப்புத் தையலிலும் இரு துண்டுகளின் ஓரமும் உள்ளே போகிறது. ஓரத்துக்கு விடுவதில் அங்குலத்தின் 16இல் ஒரு பங்கு மாறினாலும், 8 இணைப்புகள் கொண்ட வரிசை ஓர் அங்குலம் கூடியோ குறைந்தோ போகும். எனவே இனிமேல் கட்டங்களே தைக்காதீர்கள். முடிந்த கட்டங்களை நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றி நீளப் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு பட்டையையும் அப்போதைய பக்கத்தின் நீளத்துக்கு அளந்து வெட்டினால், பழைய அளவோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. மூலைகளைப் பொருத்தும் நுண்வேலையும் குறைந்து, விரல்களுக்கு நேர்கோட்டுத் தையல் மட்டுமே மிஞ்சும்.

தொடங்குமுன் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். வராதவற்றை இழுக்காமல், சுற்றியுள்ள துணியோடு வெட்டிவிடுங்கள், ஏனெனில் துரு பருத்தியை மெல்ல அரிக்கும். அந்த ஓட்டையின் மேல் ஒரு சிறு துண்டை ஒட்டுப்போடலாம். நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். இப்போது துவைக்க வேண்டாம், பிசிறு பிரியும். சுங்குடியின் சிவப்பும் நீலமும் சாயம் விடுகின்றனவா என்று ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். விட்டால், முடித்தபிறகும் குளிர்ந்த நீரில் தனியாகவே அலச வேண்டும். பட்டைகளுக்குக் கடைத்துணி வாங்கினால் முதலில் துவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பின்னர் சுருங்கிப் பழைய கட்டங்களை இழுக்கும். நானாக இருந்தால் உங்கள் வீட்டிலேயே உடுத்திப் பழகிய பருத்தியைத்தான் தேர்வேன். பழைய துணியின் அருகில் இழுவிசை ஒத்த துணி இருப்பதே நல்லது.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பருத்திப் பஞ்சு நகராமலும் திரளாமலும் இருக்க மிக நெருக்கமாகத் தைக்க வேண்டும். உங்கள் விரல்களுக்கு அது வேதனை, திண்டுக்கல் வெயிலுக்கு அது தேவையுமில்லை. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் பழைய புடவையை அடியில் விரித்து, அதன்மேல் ஓரத்திலிருந்து உள்நோக்கித் துண்டுகளை வைத்துத் தைக்கும் கவாண்டிப் போர்வைகளில் பஞ்சடுக்கே பொதுவாக இருப்பதில்லை. அவர்களைப் போலவே நீங்களும் ஒரு பழைய நூல் புடவையை அடித்துணியாக்கி, கண் பெரிய ஊசியும் தடித்த பருத்தி நூலும் கொண்டு, நீளமான ஓட்டுத் தையலாலேயே இரண்டையும் சேர்த்துவிடலாம். அம்மா தைத்த கட்டங்களின் மேல் மட்டும் தையல் கோடுகளைக் கூடுமானவரை அவருடைய இணைப்பை ஒட்டியே செலுத்துங்கள். அங்கே துணிக்கு இன்னும் துளைகள் வேண்டாம்.

அன்புடன்.