மக்காச்சோளப் படைப்புழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இலைகளில் வெண்திட்டுகள் தெரிகின்றன. படைப்புழுதானா?

பதில்: குருத்தைப் பிரித்துப் பாருங்கள். புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடும், வால்புறத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுவேதான். இளம்புழுக்கள் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, மெல்லிய தோலை மட்டும் விட்டுவைப்பதால் வருபவையே அந்தத் திட்டுகள்.

கேள்வி: புழு விழுந்திருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: பயிரின் வயதைச் சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்பவருக்கு நான் எதைச் சொல்வது? வயதோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: கடையில் கொடுத்த மூன்று மருந்துகளைக் கலந்து நான்கு முறை அடித்தும் புழு சாகவில்லை. மருந்து போலியா?

பதில்: இந்தக் கடிதம் ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. போலியா என்பதை நான் இங்கிருந்து சொல்ல இயலாது. ஆனால் நல்ல மருந்தாகவே இருந்தாலும், நீங்கள் அடித்த முறையில் புழு சாகாது. வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்கிறது. நண்பகல் வெயிலில் இலைமேல் பட்டும் படாமலும் தெளித்த மருந்து அதன்மேல் எப்படிப் படும்? காலையிலோ மாலையிலோ, தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, குருத்து நனையும்படி அடிக்க வேண்டும். மூன்றைக் கலந்தால் மும்மடங்கு பலன் என்று யார் சொன்னது? இளம்பயிரில், 10 லிட்டர் நீருக்கு 4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் மட்டும் போதும். அடுத்த முறை தேவைப்பட்டால், வேறு வகையைச் சேர்ந்த ஸ்பினிடோரம் 5 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும். கடைக்காரர் உங்கள் குருத்தைப் பார்த்ததில்லை. நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் மருந்தே வேண்டாமா?

பதில்: பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே. ஏக்கருக்கு 5 பொறிகள் வைத்தால் பூச்சியின் வரவு தெரியும். முட்டையிடும் பெண் பூச்சி வெளியேதான் இருக்கும். அது ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும், ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கவும் வல்லது.

கேள்வி: இது நம் நாட்டுப் புழுவா?

பதில்: இல்லை. அமெரிக்கக் கண்டத்தது, இந்தியாவில் 2018-இல் கர்நாடகத்தில்தான் முதலில் கண்டறியப்பட்டது.

கேள்வி: அடுத்த விதைப்புக்கு முன் என்ன செய்யலாம்?

பதில்: கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும். ஆழ உழுது, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுங்கள். வரப்போரம் தட்டைப்பயறு விதையுங்கள். முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்தே குருத்தைப் பிரித்துப் பார்க்கத் தொடங்குங்கள்.