‘என் சரித்திரம்’ ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை – பதில்

தமிழறிஞர் உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ ஐம்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முதலிலிருந்து படிக்காதீர்கள். உ.வே.சா. மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தொடங்கும் இடத்தைப் பொருளடக்கத்தில் தேடி, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

நாவலை இரண்டே நாளில் முடிக்கிற உங்களுக்கு இது மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ‘அடுத்து என்ன’ என்று தேடிப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அது முன்பே தெரியும். பின்னாளில், 1887-ல், சீவக சிந்தாமணி என்ற பழங்காப்பியத்தைப் பதிப்பித்தவர் இவர். வாழ்க்கை வரலாற்றின் ருசி, அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 1880 அக்டோபர் 21-ஆம் தேதி நடந்ததைச் சொல்லும் பகுதியை மட்டும் படியுங்கள். கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார். 25 வயது தமிழாசிரியரான உ.வே.சா. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவே இல்லை. பிறகு சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். பார்த்தது கூட இல்லை! அந்த இடத்தில் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். அது உங்களைப் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தைத் தயங்காமல் மூடி வைக்கலாம்.

ஒன்று மட்டும்: நாவல் போல முடிவை எதிர்பார்க்காதீர்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1942-ல் அவர் காலமானார். கதை பாதியில் நிற்கும். விட்டுவிட்டு வந்த முதல் பக்கங்களைப் பின்னால் திரும்பிப் போய்ப் படியுங்கள். மகனுக்கு ஆசிரியர் தேடி அப்பா ஊர் ஊராக அலைவது அங்கேதான் இருக்கிறது.