காலி பிக்கப்பின் பின்புறத்தை எவ்வளவு இறக்கலாம்?

கேள்வி: என் பிக்கப் வண்டியின் பின்புறம் முன்புறத்தைவிட ஏறத்தாழ 5 செ.மீ. தூக்கி நிற்கிறது. பெரும்பாலும் காலியாகவே ஓட்டுகிறேன். கமான் பட்டையில் (எஃகுத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஒரு தகட்டைக் கழற்றிவிட்டால் மட்டமாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: தகட்டைக் கழற்ற வேண்டாம். ஒவ்வொரு தகடும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதால், ஒன்றை எடுத்தால் உயரத்தோடு சுமைத்திறனும் குறையும்; மிஞ்சிய தகடுகள் விரைவில் தளர்ந்துபோகும். பட்டையைச் சூடுகாட்டித் தாழ்த்துவது இதைவிட மோசம், ஏனெனில் எஃகின் பதமே கெட்டுவிடும்.

பின்புறம் தூக்கி நிற்பது குறையன்று. சுமை ஏறும்போது வண்டி மட்டமாக வர வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். ஆகவே காலி வண்டியைச் சரிமட்டமாக்கினால், சுமை ஏறியதும் பின்புறம் தொய்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்பு குறைந்து, ஸ்டியரிங் இலகுவாகிவிடும். வழக்கமாக ஏற்றும் அதிகபட்சச் சுமையை வைத்து, சமதளத்தில் நிறுத்தி, கேபினுக்குக் கீழே சேசிஸ் சட்டத்தின் நேரான பகுதியில் ரசமட்டம் வைத்து, மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர வளைவின் விளிம்பிலிருந்து தரைவரை அளப்பதை நம்ப வேண்டாம். முன், பின் வளைவுகள் பெரும்பாலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. 5 செ.மீ. வேறுபாட்டில் 3 செ.மீ. இறக்கிவிட்டு மிச்சத்தைச் சுமைக்கு விட்டுவைப்பதே என் பரிந்துரை.

எப்படி இறக்குவது என்பது உங்கள் வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. பட்டை ஆக்சிலுக்கு (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மேலே அமர்ந்து, இரண்டுக்கும் நடுவே நிறுவனமே வைத்த இரும்புக் கட்டை இருந்தால், அதை எடுத்துவிட்டு உயரம் குறைந்த கட்டையைப் பொருத்துவதே எளிய வழி. பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் நேர்மாறாக, நடுவே கட்டையைச் சேர்த்தால்தான் வண்டி இறங்கும். இரண்டிலும், தகடுகளை நடுவில் பிணைக்கும் சென்டர் போல்ட்டின் தலை அதற்குரிய குழியில் சரியாக உட்கார வேண்டும். ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது.

ஷேக்கிளை, அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேசிஸுடன் சேர்க்கும் அசையும் இணைப்பை, மாற்றுவது மற்றொரு வழி. ஷேக்கிளின் மேல்முனை சேசிஸிலும் கீழ்முனை பட்டையின் கண்ணிலும் (முனையில் சுருண்ட வளையம்) இருந்தால் குட்டையான ஷேக்கிள் வண்டியை இறக்கும்; பட்டையின் கண் மேலே இருக்கும் அமைப்பில் நீளமானது இறக்கும். பட்டையின் முன்கண் அசையாமல் நிற்பதால், ஷேக்கிள் முனையில் செய்யும் மாற்றத்தில் சுமார் பாதிதான் ஆக்சிலில் தெரியும். இதில் ஆக்சிலும் சற்றுத் திரும்பிக்கொள்வதால் எஞ்சின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். ஓட்டும்போது புதிதாக அதிர்வு தோன்றினால், ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் மறப்பது பிரேக்கை. பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே சென்று, சேசிஸில் உள்ள பிரேக் வால்வுடன் இணைந்திருக்கும். சேசிஸ் ஆக்சிலை நெருங்கினால் சுமை ஏறியிருக்கிறது என்று கணித்து, அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். கம்பியைத் திருத்தாமல் வண்டியை இறக்கினால், காலியாக ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சறுக்கலாம். ஸ்பிரிங் வேலையை மிக ஒழுங்காகச் செய்த வண்டிகளில்கூட இந்தக் கம்பியை யாரும் தொடாமல் விட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

முகப்பு விளக்கும் மாறும். 3.3 மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட வண்டியில் பின்புறத்தை 5 செ.மீ. இறக்கினால், 10 மீட்டர் தொலைவில் ஒளி ஏறத்தாழ 15 செ.மீ. உயர்ந்துவிடும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்ய இது போதும், 3 செ.மீ. இறக்கினாலும் விளக்கைத் திருத்தியே ஆக வேண்டும்.

3 செ.மீ. அளவுக்குப் பெரும்பாலும் பழைய ஷாக் அப்சார்பரே போதும். ஆயினும், ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையே எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்பதைச் சுமையுடன் பாருங்கள். வேலையின்போது சேசிஸை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாமல் சரியான நீளத்தில் புதியவற்றைப் போடுங்கள். ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே முழுமையாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சில நூறு கி.மீ. ஓடியபின் யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.