நியூரம்பெர்க்: 9 பட்டமா, 1 பட்டமா?

வணக்கம். வினாடி வினாவுக்கு எடுத்த பட்டியல்களில் ஒன்று நியூரம்பெர்க் கால்பந்து அணி 9 முறை ஜெர்மன் சாம்பியன் என்கிறது, இன்னொன்று ஒரே முறை என்கிறது, எது தப்பு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீகான புண்டஸ்லிகா 1963-ல்தான் 16 அணிகளோடு தொடங்கியது. அதற்கு முன் நாடு முழுக்க ஒரே லீக் கிடையாது; வட்டாரங்களில் முன்னிலை பெற்ற அணிகள் கடைசியில் மோதிச் சாம்பியனைத் தீர்மானித்தன. நியூரம்பெர்க்கின் 8 பட்டங்கள் அந்தக் காலத்தவை. 1968-ல் வென்றது மட்டுமே புண்டஸ்லிகா கணக்கு. அடுத்த சீசனிலேயே, நடப்புச் சாம்பியனாக இருந்தபடியே, கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள். இன்று படித்தாலும் மனசு கனக்கிறது!

ஷால்கே என்ற இன்னொரு ஜெர்மன் அணியையும் பாருங்கள்: 7 பட்டம், எல்லாமே 1963-க்கு முந்தையவை. அதனால் கேள்வியில் புண்டஸ்லிகா பட்டமா, ஜெர்மன் சாம்பியன் பட்டமா என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.